"டிக்" சத்தத்தை நம்பாதீர்கள்!

கம்ப்யூட்டர் இதழில் லாரி ரிலேயைப் பற்றி எதற்குக் கட்டுரை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "சார், சிஸ்டத்தை சர்வீஸுக்குக் கொடுத்தேன். மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?" நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: "எதை அளந்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னார்கள்?" பெரும்பாலும் இதற்குப் பதில் வராது.

மதர்போர்டைப் போன்ற சிக்கலான பொருளை வைத்து இந்த விஷயத்தை விளக்குவது கடினம். ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கும். எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு டீசல் வண்டியைக் குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் ரிலே தீப்பெட்டி அளவுள்ள எளிய பாகம். அது எப்படிக் கெடுகிறது, அதனை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், உங்கள் கம்ப்யூட்டரைச் சோதிக்கும் முறையும் புரிந்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சத்தம் வருகிறது, விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது என்பதெல்லாம் ஒரு பாகம் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. அது செய்ய வேண்டிய வேலையைக் கொடுத்து, அந்த நேரத்தில் அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் "மாற்று" என்பவரிடம் உடனே பணத்தை நீட்டக் கூடாது.

உங்கள் வீட்டிலும் ரிலே இருக்கிறது

மின்சாரம் போனவுடன் உங்கள் யு.பி.எஸ். "டிக்" என்று சத்தம் போடுகிறதல்லவா? அது ரிலேயின் சத்தம். வோல்டேஜ் ஏறி இறங்கும்போது ஸ்டெபிலைசருக்குள் "டக், டக்" என்று கேட்பதும் ரிலேதான்.

ரிலே என்பது மின்சாரத்தால் இயங்கும் ஒரு சுவிட்ச். அதனுள் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று காயில். மெல்லிய செப்புக் கம்பியைச் சுற்றிச் செய்த இதில் சிறிது மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகிவிடும். மற்றொன்று கான்டாக்ட் எனப்படும் இரண்டு உலோக முனைகள். காந்தம் ஒரு சிறு இரும்புத் தகட்டை இழுக்கும்போது இந்த முனைகள் ஒன்றையொன்று தொடும். அப்போது அவற்றின் வழியே பெரிய மின்சாரம் பாயும். காயிலுக்கும் கான்டாக்ட்டுக்கும் இடையே மின் இணைப்பு கிடையாது. காந்த விசை மட்டுமே பாலம்.

இதனைக் கவனமாக மனதில் வையுங்கள். தகடு இழுக்கப்படும்போதுதான் "டிக்" சத்தம் வருகிறது. எனவே அந்தச் சத்தம் காயிலைப் பற்றி மட்டுமே செய்தி சொல்கிறது. முனைகள் சரியாகத் தொட்டனவா, அவற்றின் வழியே மின்சாரம் முழுதாகப் பாய்கிறதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கம்ப்யூட்டரின் தாத்தா

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ரிலேக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்க வேண்டும். 1937இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்த கிளாட் ஷானன், ரிலே சுவிட்சுகளை இணைத்து தர்க்கக் கணக்குகளைப் போட முடியும் என்று தன் ஆய்வேட்டில் காட்டினார். 1941இல் ஜெர்மனியில் கொன்ராட் சூஸ் உருவாக்கிய இசட் 3 என்ற கம்ப்யூட்டர் ஏறத்தாழ 2,600 ரிலேக்களைக் கொண்டு இயங்கியது. இன்று சிப்புக்குள் டிரான்சிஸ்டர் செய்யும் வேலையை அன்று ரிலே செய்தது.

புரோகிராமில் வரும் தவறை "பக்" என்கிறோம். இதோடு சேர்த்துச் சொல்லப்படும் புகழ்பெற்ற பூச்சியும் ஒரு ரிலேயில்தான் சிக்கியிருந்தது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டரில் கோளாறு ஏற்பட்டபோது, எஃப் பேனலில் 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதனை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்தக் குறிப்பேடு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. "பக்" என்ற சொல் அதற்கு முன்பே இன்ஜினியர்களிடையே வழக்கில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சம்பவத்தில் எனக்குப் பிடித்தது பூச்சி அல்ல. "எஃப் பேனல், 70ஆம் எண் ரிலே" என்று எழுதிவைத்தார்களே, அதுதான். கோளாறு எங்கே இருக்கிறது என்று ஓர் இடத்தைச் சுட்டிக் காட்ட முடிந்தால்தான் அது கண்டுபிடிப்பு. "போர்டு போயிடுச்சு சார்" என்பது கண்டுபிடிப்பு அல்ல.

டீசல் வண்டிக்கு ஏன் ரிலே?

பெட்ரோல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி கொடுக்கும். டீசல் என்ஜினில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மிகவும் அழுத்தினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேலும் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்ளும். ஆனால் இரவெல்லாம் நின்ற வண்டியில் இரும்பு குளிர்ந்திருக்கும். அழுத்திய காற்றின் சூட்டை அந்த இரும்பு உறிஞ்சிவிடும். அதனால் டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியே வரும்.

இதற்காகச் சில என்ஜின்களில் சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்திருப்பார்கள். பென்சில் போன்ற இதன் நுனி சில நொடிகளில் செக்கச் செவேலென்று சிவந்துவிடும். சாவியைத் திருப்பியவுடன் டாஷ்போர்டில் சுருள் கம்பி போன்ற ஒரு விளக்கு எரிந்து அணையுமே, அது "பிளக் சூடாகிறது, பொறு" என்று சொல்லும் விளக்கு.

ஒரு பிளக் சுமார் 10 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் இழுக்கும். நான்கு சிலிண்டர் என்றால் 40, 50 ஆம்பியர். இவ்வளவையும் சாவி சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் உருகிவிடும். எனவே சாவியோ டைமரோ ரிலேயின் காயிலுக்குச் சிறு மின்சாரத்தை மட்டும் அனுப்பும். பேட்டரியிலிருந்து பிளக்குகளுக்குப் போகும் பெரிய மின்சாரத்தை ரிலேயின் முனைகள் சுமக்கும்.

சரி, தாம்பரத்தில் எங்கே குளிர் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சென்னையின் தென்புறநகரில் டிசம்பர், ஜனவரி அதிகாலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் போகும் பெரிய லாரிகளில் டீசலை நேராக சிலிண்டருக்குள் தூவும் டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்ஜின் இருக்கும். அவற்றுக்கு இந்தக் குளிரில் ஹீட்டர் உதவி தேவையில்லை. பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது. பனி உறையும் நாடுகளில் ஓடும் பெரிய லாரிகளில், காற்று நுழையும் வழியில் ஒரு ஹீட்டரையும் அதற்கென ஒரு பெரிய ரிலேயையும் வைப்பார்கள்.

ஆனால் டீசல் முதலில் ஒரு சிறு அறைக்குள் எரிந்து பிறகு சிலிண்டருக்குள் பரவும் பழைய வகை என்ஜின்கள் வேறு. அந்தச் சிறு அறையின் சுவர் அதிகச் சூட்டை விழுங்கிவிடும். சிறிய சரக்கு வண்டிகளில் இந்த வகை நிறைய வந்தது. இவற்றுக்கு 20 டிகிரியிலும், இரவு முழுவதும் நின்றிருந்தால், சில நொடி ஹீட்டர் தேவைப்படும்.

ஆகவே தாம்பரத்தில் ஒரு டீசல் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் கேள்வி, "இந்த என்ஜினுக்கு இந்தக் குளிரில் ஹீட்டர் தேவையா?" என்பதுதான். தேவையில்லை என்றால் பேட்டரி, டீசல் ஃபில்டர், டீசல் குழாயில் காற்று என்று வேறு பக்கம் பார்க்க வேண்டும். சந்தேகப்படும் பாகம் அந்தக் கோளாறை உண்டாக்கக் கூடியதா என்று யோசிக்காமல் கை வைப்பது வீண் செலவு.

ஒரு மினி லாரியின் கதை

எங்கள் பகுதியில், முடிச்சூர் பக்கம், ஒருவர் சொந்தமாக மினி லாரி ஓட்டுகிறார். விடியும் முன் கோயம்பேடு போய்க் காய்கறி ஏற்றி வந்து தாம்பரம், சேலையூர் கடைகளுக்குப் போடுவது அவர் தொழில். போன மார்கழியில் வண்டி காலையில் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அதிகாலை மூன்று மணிக்குத் தெருவில் நாலு பேரை எழுப்பித் தள்ளச் சொல்ல முடியுமா? ஒரு நாள் சரக்கு ஏற்றப் போகவில்லை என்றால் அந்த நாள் வருமானம் போயிற்று. வண்டித் தவணை மட்டும் நிற்காது.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் நான்கு ஹீட்டர் பிளக்கையும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினார். இரண்டு நாள் கழித்து அதே கதை. இன்னோர் இடத்தில் பேட்டரி வீக் என்றார்கள். புதுப் பேட்டரி போட்டார். என்ஜின் வேகமாகச் சுற்றியதே தவிர, பற்றவில்லை. அடுத்து டீசல் பம்பைக் கழற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது. அது பெரிய செலவு.

அதற்குமுன் பெருங்களத்தூரில் உள்ள ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். வயதானவர். வண்டியை ராத்திரியே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். என்ஜின் சூடாக இருந்தால் டைமர் ஹீட்டரை இயக்காமலே விடலாம், அப்போது நல்ல ரிலேயும் கெட்டதுபோலத் தெரியும் என்று விளக்கினார். எனவே சோதனை காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது.

"ரிலே நல்லாத்தான் இருக்குண்ணே. சாவி போட்டா டிக்குன்னு சத்தம் வருதே" என்றார் வண்டிக்காரர்.

"சத்தம் வந்தா காயில் இழுக்குதுன்னு அர்த்தம், தம்பி. கரண்டு அந்தப் பக்கம் போகுதான்னு இன்னும் யாரும் பார்க்கலையே" என்றார் அவர்.

சோதனை செய்யும் முறை

அவர் செய்ததை வரிசையாகத் தருகிறேன். கையில் இருந்தது ஒரு டிஜிட்டல் மல்ட்டி மீட்டரும், ஒயர் இணைத்த ஒரு பழைய ஹெட்லைட் பல்பும் மட்டுமே. சிறிய ரிலேக்களின் கால்களில் எண் அச்சிட்டிருக்கும். 85, 86 காயில். 30 பேட்டரியிலிருந்து வருவது. 87 பிளக்குகளுக்குப் போவது. பெரிய ரிலேயில் எண்ணுக்குப் பதிலாகப் போல்ட் இருந்தாலும் தத்துவம் ஒன்றே.

1. முதலில் பேட்டரியை அளந்தார். ஓய்வில் 12.6 வோல்ட் இருந்தது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதும் 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி நல்லது.

2. சாவியைப் போட்டுக் காயிலின் 85, 86 இடையே அளந்தார். பேட்டரியின் வோல்டேஜ் இருந்தது. அங்கே வரவில்லை என்றால் ரிலேயைக் குறை சொல்ல முடியாது. ஃபியூஸ், சாவி சுவிட்ச், டைமர் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

3. 30ஆம் எண் முனைக்கும் வண்டியின் பாடிக்கும் இடையே அளந்தார். 12 வோல்ட் வந்தது. அதாவது பேட்டரியிலிருந்து ரிலே வரை வழி சரி.

4. பிளக்குகள் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை 30இலும் மறு முனையை 87இலும் வைத்தார். சுவிட்ச் மூடியிருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் வர வேண்டும். 0.2, 0.3 வோல்ட் வரை பரவாயில்லை. மீட்டர் 2 வோல்ட் காட்டியது.

அங்கேயே கதை முடிந்தது. ரிலேயைக் கழற்றியபோது சாக்கெட்டின் பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தது. மூடியைத் திறந்தால் முனைகள் கருகியிருந்தன. அதன்பின் ரிலேயை மேசைமேல் வைத்துக் காயிலுக்கு 12 வோல்ட் கொடுத்தார். "டிக்" என்று கணீரென்ற சத்தம். கான்டாக்ட் வழியாக ஹெட்லைட் பல்பை இணைத்தபோது பல்பும் எரிந்தது. ஏனென்றால் அந்தப் பல்பு இழுப்பது 4, 5 ஆம்பியர்தான். 40 ஆம்பியரில் தெரிந்த குறை அங்கே தெரியவில்லை.

புது ரிலேயும் சாக்கெட்டும் சேர்த்துச் சில நூறு ரூபாய். அவர் ஏற்கெனவே பிளக்குக்கும் பேட்டரிக்கும் கொடுத்தது பல ஆயிரம். பம்புக்குக் கை வைத்திருந்தால் இன்னும் பல ஆயிரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சத்தம் வந்தும், பல்பு எரிந்தும், ஹீட்டர் ஏன் சூடாகவில்லை? பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி போதும்.

நான்கு பிளக்கும் சூடானபின் ஒவ்வொன்றின் தடையும் 1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தத் தடை 0.25 ஓம். 12 வோல்ட்டில் பாயும் மின்சாரம் 48 ஆம்பியர். கிடைக்கும் சூடு 576 வாட்.

இப்போது ரிலேயின் கருகிய முனைகளில் வெறும் 0.05 ஓம் தடை சேர்கிறது. மொத்தம் 0.30 ஓம். மின்சாரம் 40 ஆம்பியராகக் குறைகிறது. முனைகளிலேயே 2 வோல்ட் காணாமல் போகிறது. பிளக்குகளுக்குக் கிடைப்பது 10 வோல்ட், அதாவது 400 வாட். சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. போன சக்தியில் 80 வாட் அந்தத் தீப்பெட்டிக்குள்ளேயே சூடாக மாறுகிறது. பிளாஸ்டிக் பழுப்பேறியது அதனால்தான்.

ரிலேயைக் கழற்றி, மல்ட்டி மீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து இந்த 0.05 ஓமைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. சாதாரண மீட்டரின் ஒயர்களிலேயே அதைவிட அதிகத் தடை இருக்கும். மீட்டர் "நல்லது" என்றே சொல்லும். வேலை செய்யும்போது அளந்தால் மட்டுமே 2 வோல்ட் என்று பளிச்சென்று தெரியும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதனை வையுங்கள்: பாகத்தைச் சும்மா வைத்து அளக்காதீர்கள், சுமையோடு அளங்கள்.

முனைகள் ஏன் கருகுகின்றன? ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் சிறு பொறி உண்டாகும். வருடக்கணக்கில் அது முனையை அரிக்கும். நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் நின்றது. தண்ணீர் புகுந்த சாக்கெட்டில் பச்சைப் பூஞ்சை போல செப்புக் களிம்பு ஏறும். அது உடனே வண்டியை நிறுத்தாது. மாதங்கள் கழித்துத் தொல்லை கொடுக்கும்.

இனி உங்கள் கம்ப்யூட்டர்

மேலே சொன்ன நான்கு படிகளையும் உங்கள் சிஸ்டத்துக்கு அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

யு.பி.எஸ்.: கரண்டு போனதும் "டிக்" என்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது. உடனே "யு.பி.எஸ். நல்லா இருக்கு, கம்ப்யூட்டர்தான் கோளாறு" என்பார்கள். சாதாரணமாக இந்த ரிலே சுமார் 10 மில்லி செகண்டுக்குள் மாறிவிடும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள கெபாசிட்டர்கள் சமாளிக்கும். ரிலேயின் முனைகள் கெட்டிருந்தாலும், பேட்டரி நலிந்திருந்தாலும், சத்தம் மட்டும் வரும். பேட்டரியைச் சும்மா அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். சுமை ஏறியதும் படுத்துவிடும். எனவே கம்ப்யூட்டரை எடுத்துவிட்டு, ஒரு 60 வாட் குண்டு பல்பை யு.பி.எஸ்.ஸில் மாட்டி, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பல்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுதான் சோதனை.

எஸ்.எம்.பி.எஸ்.: ஃபேன் சுற்றுகிறது, எனவே எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்பது நம் ஊரின் பெரிய மூடநம்பிக்கைகளில் ஒன்று. ஃபேனுக்குத் தேவை மிகச் சிறிய மின்சாரம். வண்டிக்காரர் கேட்ட "டிக்" சத்தத்துக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது, பயன்படாமல் தொங்கும் நான்கு ஊசி கனெக்டரில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே 4.75 முதல் 5.25 வோல்ட். இந்த எல்லையை விட்டு வெளியே போனால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். மேல்தான். புது வகை எஸ்.எம்.பி.எஸ்.கள் சிலவற்றில் எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும். அங்கே நிறத்தை நம்பாமல் கனெக்டரின் ஊசி வரிசையைப் பார்க்க வேண்டும்.

மெமரி: நீலத் திரை வந்தால் "ராம் போயிடுச்சு" என்று சொல்வது வழக்கம். விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்ற சோதனை இலவசமாக இருக்கிறது. ஒரு இரவு ஓடவிட்டால் போதும். முடிவைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஹார்ட் டிஸ்க்: "ஸ்மார்ட்" எனப்படும் தன்நிலை அறிக்கையை டிஸ்க்கே வைத்திருக்கிறது. அதனைப் படித்துக் காட்டும் இலவச புரோகிராம்கள் உண்டு. மாற்றச் சொல்பவர் அந்த அறிக்கையைக் காட்டட்டும். அதற்கு முன் உங்கள் ஃபைல்களுக்கு நகல் எடுத்துவிடுங்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் எந்தச் சோதனைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பு நியாயம்

சர்வீஸ் செய்பவர்களையே குறை சொல்வது சரியல்ல. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நல்லது என்று தெரிந்த ஒரு பாகத்தை மாட்டிப் பார்ப்பதும் ஒரு சோதனைதான். கடையில் இருக்கும் ராமை மாட்டி, சிஸ்டம் ஓடுகிறதா என்று பார்ப்பதில் தவறே இல்லை. ஆனால் அது கடைக்காரரின் ராமாக இருக்க வேண்டும். பலன் தெரிந்த பிறகுதான் பில் போட வேண்டும். வாடிக்கையாளர் பணத்தில் ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டுப் பார்ப்பது சோதனை ஆகாது. மினி லாரிக்காரருக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பாகத்துக்குப் பணம் கொடுக்க நாம் தயங்குவதில்லை. பார்த்துச் சொன்னதற்குக் கூலி கேட்டால் முகம் சுளிக்கிறோம். "சும்மா மீட்டரை வெச்சுப் பார்த்ததுக்கு இருநூறு ரூபாயா?" என்கிறோம். அப்படியானால் அவர் எங்கே சம்பாதிப்பார்? பாகத்தை விற்றுத்தான். சோதனைக்குக் கூலி கிடைக்காத ஊரில் சோதனை நடக்காது. பெருங்களத்தூர் எலக்ட்ரீஷியன் ரிலேயின் விலையோடு தன் ஒரு மணி நேரத்துக்கும் தனியாகப் பணம் கேட்டு வாங்கினார். அந்தப் பணம்தான் வண்டிக்காரரின் டீசல் பம்பைக் காப்பாற்றியது.

எச்சரிக்கை

ஆர்வத்தில் கை வைக்கும் முன் சில விஷயங்கள். எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். ஆகியவற்றின் மூடியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெபாசிட்டரில் ஆபத்தான வோல்டேஜ் இருக்கும். வெளியே வரும் கனெக்டரில் மட்டும் அளங்கள். மீட்டரை ஆம்பியர் ரேஞ்சில் வைத்து வோல்டேஜை அளந்தால் மீட்டர் எரியும்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு: 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பேட்டரி ஷார்ட் ஆனால் கையில் உள்ள ஸ்பேனர் பழுக்கக் காயும். மோதிரம், வாட்ச் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். சிலர் ரிலேயை ஒதுக்கிவிட்டு ஒரு பட்டனை வைத்து நேரடியாக ஹீட்டர் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிறார்கள். விரலை எடுக்க மறந்தால் பிளக் எரிந்து போகும். ஸ்டார்ட் ஆவதற்காக எளிதில் பற்றும் ஸ்பிரேயைக் காற்று வழியில் அடிப்பது இன்னும் ஆபத்து. சிவந்திருக்கும் ஹீட்டர் பிளக்கில் அது பட்டால் வெடிக்கும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் ஹீட்டர் பிளக்கைக் கம்ப்யூட்டரே கட்டுப்படுத்துகிறது. அங்கே பல்பை வைத்துச் சோதிக்கக் கூடாது. ஸ்கேனர் உள்ள இடத்துக்குத்தான் போக வேண்டும்.

என்ன கேட்க வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்ட்டி மீட்டர் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கும்போது மவுஸ் பேட், ஸ்பீக்கர் என்று வாங்குகிறோம். அதோடு இதனையும் வாங்கி வையுங்கள். பயன்படுத்தத் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வரும் சர்வீஸ் இன்ஜினியரிடம் கொடுத்து, "இதில் அளந்து காட்டுங்கள்" என்று கேட்கலாம். நன்றாக வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார்.

பாகத்தை மாற்றச் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பாகம்? எந்த இடத்தில் அளந்தீர்கள்? எவ்வளவு வர வேண்டும், எவ்வளவு வந்தது? இந்த மூன்றாவது கேள்விக்கான எண்களைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். சோதனைக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள். எண்ணைக் காட்ட முடியாது என்றால் சிஸ்டத்தை எடுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவதே நல்லது.